விசாரித்தால் நல்லதாகச் சொல்லவும்

"சுபா, உன்னைப் பத்தி விசாரிச்சு போன் வந்தது. நன்னாச் சொல்லியிருக்கேன், போறுமா?"

எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற பெண்ணுக்கு நல்ல காரியம் பண்ணி வைத்தாற்போல முகத்தில் அப்படி ஒரு களை. சுபாஷிணி அப்போதுதான் எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் மட்டாஞ்சேரி வந்து இறங்கி, வெயிலில் நடந்து, ஒரு செருப்பைக் கழற்றி இன்னொன்றைக் கழற்றாமல் நின்றிருந்தாள். அப்படியே ஒற்றைச் செருப்போடு தெருவைத் தாண்டி ஓடினாள்.

"வந்துடுத்தா! யாரு மாமி, அனந்தலக்ஷ்மின்னு பேர் சொன்னாளா?"

"ஆமா, அனந்தலக்ஷ்மி. திருப்பூணித்துறை. நம்ம தமிழ்தான் பேசினா. நல்ல குரல்."

இந்த ஒரு போனுக்காகத்தான் அவள் சாப்பிடும்போதும் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

சுபாஷிணி பி.காம். கடைசி வருஷம். அமெரிக்காவில் ஒரு பெரிய பிசினஸ் ஸ்கூலுக்கு விண்ணப்பித்திருந்தாள். அதிலும் இது ஒரு தனி தினுசு. கல்லூரி முடிவதற்கு முன்னாலேயே இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உடனே வந்து நிற்காதே, இரண்டு வருஷம் எங்காவது வேலை பார்த்து உலகத்தைத் தெரிந்துகொண்டு வா என்பார்கள். இதை அவள் முதலில் விளக்கியபோது, "அப்ப இப்ப நிச்சயதார்த்தம், கல்யாணம் ரெண்டு வருஷம் கழிச்சு" என்று ஜெயலக்ஷ்மி மாமிதான் சட்டென்று புரிந்துகொண்டாள். அவள் அப்படிப் புரிந்துகொண்டபோதே சுபா உஷாராகியிருக்க வேண்டும்.

பரீட்சை, கட்டுரை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நேர்காணல் எல்லாம் முடிந்துவிட்டன. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஸ்கூலில் படித்துவிட்டு இங்கே வந்து கம்பெனி நடத்தும் அனந்தலக்ஷ்மி என்ற பெண்மணி, சுபாவை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் போனில் பேசி ரிப்போர்ட் அனுப்புவார். உள்ளேயா வெளியேயா என்பது அந்த ரிப்போர்ட்டில் இருக்கிறது. சுபா கொடுத்த முதல் பெயர், தெருக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் ஜெயலக்ஷ்மி மாமி. இரண்டாவது, விடுமுறைகளில் அவள் வேலை பழகிய பஜார் ரோடு மிளகு வியாபாரி சிவசங்கரன்.

"என்ன கேட்டா, சொல்லுங்கோ!"

"எல்லாம் கேட்டா. எத்தனை வருஷமாத் தெரியும், சுபாவம் எப்படி, நாலு பேரோட ஒத்துப் போவாளா, கோவம் வருமா..."

"நீங்க?"

"பொண்ணு இருக்கிற இடமே தெரியாதுன்னுட்டேன்."

சுபா மாமியைப் பார்த்தாள். மாமி குஷியாகத் தொடர்ந்தாள்.

"பரம சாது. குனிஞ்ச தலை நிமிர மாட்டா. பெரியவா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சொந்தமா ஒரு அபிப்பிராயமே கிடையாதுன்னேன்."

"மாமி! அது பிசினஸ் ஸ்கூல்லேருந்து வந்த போன்!"

"அப்படித்தான் அவளும் சொன்னா."

"சொல்லியுமா?"

"அசடே, வரன் விசாரிக்கறவா எவளாவது வரன் விசாரிக்கறேன்னு சொல்லிண்டு விசாரிப்பாளா? கோடி வீட்டு மகாவைப் பத்தி ஒருத்தி கேட்டா, வாடகைக்கு வீடு பார்க்கறேன்னு சொல்லிண்டு. அதுக்கு முன்னாடி ஒருத்தி தையல் மிஷின் விக்க வந்தேன்னா. இவ பிசினஸ் ஸ்கூல்னா. ஆள் கொஞ்சம் படிச்சவ, அவ்வளவுதான்னு நினைச்சேன்."

"நான்தான் முன்னாடியே சொன்னேனே மாமி, ஒருத்தர் என்னைப் பத்திக் கேட்பான்னு!"

"சொன்னே. இந்தக் காலத்துப் பொண்ணு, கல்யாணம்னு வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படறதுன்னு எடுத்துண்டேன்."

சுபாவுக்கு இன்னொரு பயம் கிளம்பியது. "தண்ணி லாரியைப் பத்திக் கேட்டாளா?"

அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் தனக்குத் தோன்றினால் வரும். மற்ற நாட்களில் லாரி. போன கோடையில் லாரி வந்தால் தினம் ஒரு யுத்தம். குடத்தால் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு நாள் சுபா இறங்கினாள். வீட்டுக்கு வீடு முறை வைத்தாள், படியிறங்க முடியாதவர்கள் வீட்டுக்கு ஓஸ் குழாயை முதலில் நீட்டினாள், பாதியில் கிளம்பப் பார்த்த லாரியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள், கவுன்சிலரிடம் போய் இரண்டாவது லாரியும் வாங்கி வந்தாள். தலைமைப் பண்பு என்று அவள் கட்டுரையில் எழுதியது முழுக்க இந்தத் தண்ணி லாரிதான்.

"கேட்டாளா!" மாமி குரலைத் தாழ்த்தினாள். "லாரியை மறிச்சது சுபாஷிணிதானேன்னு நேரா கேட்டுட்டா. எனக்குப் பகீர்னு ஆயிடுத்து. எந்தப் பாவி போய்ப் பத்த வச்சானோன்னு நினைச்சேன்."

"என்ன சொன்னேள்?"

"அபாண்டம்னேன். லாரியாவது, மறிக்கறதாவது, அவ வாசப்படி தாண்டினதே கிடையாதுன்னேன். தலையில கை வச்சு சத்தியம் பண்ணினேன்."

"போன்லயா?"

"ஏன், போன்ல சத்தியம் பண்ணப்படாதா?"

சுபா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டுரையில் அவள் எழுதியது பொய் என்று, அவளே கொடுத்த ஆள் சத்தியம் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. சாதுவாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இப்போது சாதுவான புளுகுணி.

"போச்சு மாமி. எல்லாம் போச்சு."

ஜெயலக்ஷ்மி மாமிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கண்ணும் கலங்கியது. நல்லது செய்யப் போய் வினையானதில் பதறிப்போய், "பயப்படண்டா, இப்பவே சரி பண்றேன்" என்று போனை எடுத்தாள்.

அனந்தலக்ஷ்மியின் எண் பிஸியாக இருந்தது. மறுபடி அடித்தாலும் பிஸி. "வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்" என்றாள் சுபா. அன்றைக்கு அவள் செய்த முதல் தப்பு அது.

மாமி போனை வாய்க்கு நேரே வெற்றிலைப் பெட்டி மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"நான் ஜெயலக்ஷ்மி பேசறேன். முன்னே சொன்னது ஒண்ணும் நிஜம் இல்லை, கேட்டேளா. சுபா மகா சண்டைக்காரி. லாரிக்காரன் சட்டையைப் பிடிச்சு உலுக்கினா. கவுன்சிலர் அழுதுட்டான். இவ தெருவில வந்தா நாங்கள்லாம் கதவைச் சாத்திப்போம். பெத்த அப்பாவே பயந்துண்டுதான் இருக்கார். யார் பேச்சையும் கேக்க மாட்டா..."

சுபா இரண்டு கையையும் ஆட்டினாள். மாமி அதை இன்னும் சொல்லு என்று எடுத்துக்கொண்டாள்.

"...தூக்கத்தில கூட உத்தரவு போடுவா. வச்சுடறேன்."

செய்தி போய்விட்டது.

"சட்டையை நான் எப்ப மாமி பிடிச்சேன்?"

"ஒரு எடுப்பு வேணுமோல்லியோ."

"அழிச்சுடலாமா இதை?" என்று சுபா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் அப்பா நாணு சத்தம் கேட்டு வெளியே வந்தார். நாணு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எந்தக் கஷ்டத்துக்கும் அவரிடம் ஒரு திட்டம் இருக்கும். திட்டத்துக்கு அப்புறம் கஷ்டம் இரண்டாகும். சுபாவின் அம்மா, மூத்த பெண்ணின் பிரசவத்துக்குப் பெங்களூர் போயிருந்தாள். அவள் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

"அழிக்காதே! அழிச்சா எதையோ மறைக்கறான்னு நினைப்பா" என்றார் நாணு. "நடந்தது நடந்துடுத்து. அடுத்த போன் சிவசங்கரனுக்குத்தான் போகும். அதுக்குள்ள போய் அவருக்கு விஷயத்தைச் சொல்லி வைப்போம். ஏறு ஸ்கூட்டர்ல!"

பஜார் ரோட்டில் ஸ்கூட்டர் போவதற்கு வழி கிடையாது, மூட்டை போவதற்குத்தான் வழி. மிளகு இறக்கும் லாரிக்கும் சுக்கு ஏற்றும் லாரிக்கும் நடுவில் சுபா இறங்கி ஓடினாள். மூக்கில் காரம் ஏறி, இரண்டு தும்மல் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது சிவசங்கரன் போனைக் கீழே வைத்தார்.

"வா பாப்பா! இப்பத்தான் உன்னைத் தூக்கிட்டுப் போக ஒரு அம்மா போன் பண்ணிச்சு. விடுவேனா நான்?"

அனந்தலக்ஷ்மியின் எண் ஏன் பிஸியாக இருந்தது என்று சுபாவுக்குப் புரிந்தது.

"என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணுக்கும் ஆகாதுன்னுட்டேன்."

சிவசங்கரனின் தாத்தா காலத்திலேயே குடும்பம் போடியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டது. பெரிய மீசை, பெரிய மனசு. சுபாவைச் சொந்தப் பிள்ளை மாதிரி நடத்தியவர். அவர் வாயிலிருந்தா இது?

"கணக்கு வராதுன்னேன். நேரத்துக்கு வராதுன்னேன். மிளகுக்கும் பப்பாளி விதைக்கும் வித்தியாசம் தெரியாதுன்னேன். அந்த அம்மா விடாம, உங்க கடையில மிளகு ஈரம் அளக்கிற மிஷின் வாங்க வச்சதே அந்தப் பொண்ணுதானாமேன்னு கேட்டுச்சு. ஆமா, அதை உடைச்சதும் அந்தப் பொண்ணுதான்னேன்."

"உடைஞ்சுடுத்தா?"

"எங்க உடைஞ்சுது? இந்தா, முழுசா இருக்கு."

அந்த மிஷின் சுபாவின் இன்னொரு பெருமை. மிளகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அளந்து, படம் எடுத்து, வாங்குகிறவருக்கு முன்கூட்டியே அனுப்பும் வழக்கத்தை அவள்தான் கொண்டுவந்தாள். அதற்கப்புறம் சரக்கு திரும்பி வந்தது என்ற பேச்சே இல்லை. கட்டுரையில் இரண்டாவது பக்கம் பூரா இதுதான்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?"

"என்ன பாப்பா இப்படிக் கேக்கறே? இந்த பஜார்ல, ஒரு நல்ல ஆளைப் பத்தி வெளியாள் விசாரிச்சா, நல்ல ஆள்னு எவனாச்சும் சொல்லுவானா? என் கணக்கப்பிள்ளை பிச்சைமணியைப் பத்தி ஒருத்தன் கேட்டான். நானும் வெள்ளந்தியா, சுறுசுறுப்பான பையன், கை சுத்தம்னேன். இப்ப அந்தச் சுறுசுறுப்பு இடப்பள்ளியில ஒரு கடையில உக்காந்திருக்கு."

சுபாவால் அதற்கு மேல் முடியவில்லை. அழுதுவிட்டாள். எத்தனை நாள் உட்கார்ந்து எழுதிய கட்டுரை, எத்தனை தடவை கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்த நேர்காணல். எல்லாவற்றையும் தாண்டி வந்து, தன்மேல் பிரியம் உள்ள இரண்டு பேர் கையால் கவிழ்ந்தால் யாரிடம் போய் நோவது?

சிவசங்கரன் பதறி எழுந்தார். "ஏ, அழாதே பாப்பா! டேய், யாராச்சும் பாப்பாவுக்கு ஒரு சாயா கொண்டாங்கடா!"

சாயாவைக் குடித்துக்கொண்டே சுபா விஷயத்தைச் சொன்னாள். போன் பண்ணியது எதிர்க்கடைக்காரர் இல்லை, ஸ்கூல். அங்கேயும் இப்போதே போகப் போவதில்லை, இடம் மட்டும் இப்போது, சேர்வது இரண்டு வருஷம் கழித்து.

"அட! சரக்கு கொடியில நிக்கும்போதே விலை பேசி வைக்கிறாப்பலயா? இதை அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்குமே!" சிவசங்கரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானே கூப்பிட்டுப் பேசறேன். பாரு, எப்படிப் பேசறேன்னு."

"இப்பவே பேசுங்க அண்ணாச்சி!"

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நல்ல வார்த்தை எதையும் நான் செவ்வாய்க்கிழமை பேசறதில்லை. நாளைக்குக் கடை திறந்ததும் முதல் போன் உனக்காகத்தான்."

மறுநாள் காலை சுபா கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றாள். அண்ணாச்சி என்னென்ன சொல்ல வேண்டும் என்பதைப் பொறுமையாக இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். மிஷின் விஷயம், படம் அனுப்பும் விஷயம், சுருக்கமாக, நிதானமாக. அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அனந்தலக்ஷ்மியைக் கூப்பிட்டார்.

"அம்மா, நேத்து பேசின சிவசங்கரன். அந்தப் புள்ளை சுபாஷிணி இருக்கே... தங்கம்மா, தங்கம்!"

"சரி" என்றது போன்.

"இப்படி ஒரு புள்ளை பத்து ஜென்மம் எடுத்தாலும் கிடைக்காது. குறைன்னு ஒண்ணு, மருந்துக்குக் கிடையாது. எதைக் குடுத்தாலும் செய்யும்! காலையில நாலு மணிக்கு வரச் சொன்னாலும் வரும்!"

சுபா மிஷினைச் சுட்டிக் காட்டினாள். அண்ணாச்சி அதைக் கவனிக்கும் நிலையைத் தாண்டிப் போய்விட்டார்.

"யோசிக்கவே யோசிக்காதீங்க. ரெண்டு வருஷமெல்லாம் எதுக்கு? இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க! வண்டிகூட நானே ஏற்பாடு பண்ணி அனுப்பறேன்!"

"நேத்து நீங்க வேற மாதிரி சொன்னீங்களே?" என்று போன் மெல்லக் கேட்டது.

"நேத்து எனக்குத் தலைவலி."

"அப்படியா... சரிங்க" என்று சொல்லிவிட்டு அனந்தலக்ஷ்மி வைத்துவிட்டாள்.

"அவங்க குரல் ஏன் அண்ணாச்சி இப்படி ஆயிடுச்சு?"

"சந்தோஷத்துல வார்த்தை வரலை" என்றார் சிவசங்கரன் மீசையைத் துடைத்துக்கொண்டு.

சுபாவுக்கு அது சந்தோஷமாகப் படவில்லை. ஒருத்தி சாது என்கிறாள், அப்புறம் சண்டைக்காரி என்கிறாள். ஒருவர் தண்டம் என்கிறார், மறுநாள் தங்கம் என்கிறார். இப்படிப்பட்டவளை அமெரிக்காக்காரன் ஸ்கூலுக்கு எடுப்பானா, ஆராய்ச்சிக்கு எடுப்பானா? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். நாணுவின் கண்கள் பளபளத்தன. அடுத்த திட்டம் தயாராகிவிட்டது.

"வாய்ப்பேச்சே வேண்டாம். கண்ணால பார்த்தா நம்பித்தானே ஆகணும்? நாளைக்குக் காலையில தண்ணி லாரி வரும். நீ முன்னாடி நின்னு நடத்தறதை நான் வீடியோ எடுக்கறேன்."

யோசித்துப் பார்த்ததில் சுபாவுக்கே அது சரியாகப் பட்டது. அப்பாவின் திட்டம் சரியாகப் படுகிறது என்றால் தனக்கு உடம்பு சரியில்லை என்று அவள் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை லாரி வந்தது. நாணு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதிலோரம் நின்றார். குடங்கள் வரிசையாக நின்றன. அவரவர் முறைக்கு வந்தார்கள், பிடித்தார்கள், போனார்கள். யாரும் யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுபா வைத்த ஏற்பாடு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஓரமாக நின்று கொட்டாவி விட்டாள்.

நாணு போனை இறக்கினார். "எடி, இதுல தலைமைப் பண்பு எங்கே தெரியறது? வரிசைன்னா தெரியறது!"

"அதுதாம்பா தலைமைப் பண்பு."

"அதைப் படம் பிடிக்க முடியாதே! கொஞ்சம் குழப்பம் வேணும். நீ அதை அடக்கணும்."

"குழப்பத்துக்கு நான் இருக்கேன்" என்றாள் பக்கத்தில் நின்ற ஜெயலக்ஷ்மி மாமி. செவ்வாய்க்கிழமையிலிருந்து பிராயச்சித்தம் தேடிக்கொண்டிருந்தவள். "நான் வரிசையில குறுக்கே புகறேன். சுபா என்னை ஒரு அதட்டல் போடட்டும். நான் அடங்கிடறேன்."

வேண்டாம் என்று சுபா வாயெடுப்பதற்குள் மாமி குடத்தோடு போய் வரிசையின் தலையில் நின்றுவிட்டாள். இது நாடகம் என்பது மாமிக்கும் நாணுவுக்கும் தெரியும். குடத்தோடு காத்திருந்த முப்பது பேருக்கு யார் சொன்னது?

"செயலாளர்னா தனிச் சட்டமா?" என்று கோடி வீட்டு மகாவின் அம்மா மாமியின் குடத்தைப் பிடித்து இழுத்தாள். மாமி நாடகத்தை மறந்து, "யாரைப் பார்த்து என்ன கேட்டே?" என்று நிஜமாகவே திரும்பினாள். பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் பறந்தது. ஓஸ் கைநழுவிச் சுழன்று லாரி டிரைவரின் மூஞ்சியில் அடித்தது. தொப்பலாக நனைந்த டிரைவர் மலையாளத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சுபாவுக்கு அப்போது பிசினஸ் ஸ்கூலும் நினைவில்லை, வீடியோவும் நினைவில்லை. பாதித் தெருவுக்கு இன்னும் தண்ணீர் கிடைக்கவில்லை. ஒரே தாவலில் லாரியின் படியில் ஏறினாள்.

"சேட்டா, வண்டி நிறுத்து! ஒரு நிமிஷம், ப்ளீஸ்!" பிறகு தெருப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் குடத்தைக் கீழே வைங்கோ! மாமி, நீங்க கடைசிக்குப் போங்கோ! ஆமா, நீங்கதான்! மகா அம்மா, விட்ட இடத்துலேருந்து நீங்க பிடிங்கோ! அப்பா! அந்த போனைப் பையில போட்டுட்டு வந்து ஓஸைப் பிடிங்கோ! நிக்கறதைப் பாரு, கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற மாதிரி!"

தெரு கப்சிப் ஆனது. டிரைவர் இன்ஜினை அணைத்தான். கொஞ்ச நேரத்தில் குடங்கள் பழையபடி வரிசையில் நின்றன. நாணு வேட்டி நனைய ஓஸைப் பிடித்தார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குள் வந்ததும் சுபா வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். பாதி நேரம் நாணுவின் கட்டைவிரல் தெரிந்தது. மீதி நேரம் ஆகாசமும் ஒரு தென்னை மட்டையும் தெரிந்தன. ஆனால் சத்தம் அற்புதமாகப் பதிவாகியிருந்தது. குறிப்பாக, பெற்ற அப்பாவைத் தெருவில் வைத்து விரட்டும் பாகம்.

"நல்லவேளை, இதை அழிச்சுடலாம்" என்றாள்.

"அனுப்பியாச்சே!" என்றார் நாணு பெருமையாக. "ஓஸைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன். பெத்த அப்பனையே வேலை வாங்கறா, இதைவிட என்ன பண்பு வேணும் அவாளுக்கு?"

சுபா அன்று பூரா அந்த வீடியோவின் கீழே இருந்த இரண்டு சாம்பல் நிற டிக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியின் செய்திக்குக் கீழேயும் அதே இரண்டு சாம்பல் டிக்குகள். பார்த்தால் நீலமாக மாற வேண்டியவை, மாறவே இல்லை. பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டினாள். முடிவு அறிவிக்கும் நாள் வரை வீட்டில் யாரோடும் அவள் சரியாகப் பேசவில்லை. வேறு ஏதாவது படிக்கலாம், உலகம் என்ன இதோடு முடிந்துவிட்டதா என்று பகலில் தேற்றிக்கொண்டாள். தலையணையில் முகம் புதைத்ததும் உலகம் இதோடு முடிந்துதான் போயிற்று.

அந்த நாளும் வந்தது. அழைக்காமலேயே ஜெயலக்ஷ்மி மாமி வந்து உட்கார்ந்தாள். சிவசங்கரன் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு, ஜெயித்தாலும் தோற்றாலும் பயன்படும் என்று ஒரு பெட்டி அல்வாவோடு வந்தார். நாணு ஒரு இடத்தில் நிற்காமல் நடந்தார். கம்ப்யூட்டரில் அந்த மெயில் வந்து விழுந்ததும், "நீங்களே பாருங்கோ, எனக்கு வேண்டாம்" என்று சுபா கண்ணை மூடிக்கொண்டாள்.

நாணு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டாத குறையாக வாசித்தார். முதல் வரியிலேயே வாழ்த்து இருந்தது.

"கிடைச்சுடுத்து! எடி, கிடைச்சுடுத்து!"

அப்புறம் அந்தக் கூடத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்வது கஷ்டம். சுபா சோபாமேல் ஏறிக் குதித்தாள். நாணு சிவசங்கரனைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டார். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அல்வாவைப் பிரித்தாள். பெங்களூரில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டால், அந்தப் பக்கம் அவளும் அழுதாள், கூடவே பிறந்து பத்து நாளான குழந்தையும் அழுதது.

கொஞ்சம் ஓய்ந்ததும் இது யாரால் கிடைத்தது என்ற பேச்சு வந்தது.

"என் வாய்ஸ் மெசேஜ்தான்" என்றாள் மாமி. "கவுன்சிலர் அழுதான்னு சொன்னேனே, அதுல விழுந்துட்டா."

"அதெல்லாம் இல்லீங்க. புதன்கிழமை காலையில நான் பேசினதுதான்" என்றார் சிவசங்கரன். "தங்கம்னேன்ல?"

"வீடியோவைப் பார்த்தாளா, அதைச் சொல்லுங்கோ!" என்றார் நாணு.

சுபாவுக்கு அன்று எல்லோரையும் பிடித்திருந்தது. "சண்டை போடாதீங்கோ. நீங்க எல்லாரும் சேர்ந்துதான் திருத்தினேள். இருங்கோ, அவங்களுக்கே ஒரு நன்றி சொல்லிடலாம்" என்று அனந்தலக்ஷ்மிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் வைத்தாள். எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"வாழ்த்துக்கள், சுபாஷிணி!" என்றது அந்த நல்ல குரல். "முடிவு வர்ற வரைக்கும் உன்கிட்ட பேசக் கூடாதுன்னு கட்டாயம். இப்பத்தான் வாயைத் திறக்க முடியுது."

"ரொம்ப நன்றி மேடம். முதல்ல எல்லாரும் என்னைப் பத்தி ஏதோ தப்பாச் சொல்லிட்டாங்க. அப்புறம் திருத்திச் சொன்னதை நீங்க ஏத்துக்கிட்டீங்களே, அதுக்குத்தான்..."

"திருத்தினதா? நான் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே உன்னை எடுத்துக்கலாம்னு ரிப்போர்ட் அனுப்பிட்டேனே. போன்ல நானே கேட்டதை வச்சுத்தான் எழுதணும்னு விதி, அதனால தானா வந்த வாய்ஸ், வீடியோ எதையும் நான் திறக்கவே இல்லை."

நாணுவின் கையில் அல்வா அப்படியே நின்றது.

"செவ்வாய்க்கிழமையா?" சுபா போனை இன்னும் கிட்டே இழுத்தாள். "அன்னைக்கு மாமி, லாரியை நான் மறிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணினாங்களே மேடம்?"

"அவங்க பதறின பதற்றத்திலேயே அது நிஜம்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு வரன் பார்த்த காலத்துல எங்க தெருவிலயும் என்னைச் சாதுன்னுதான் சொன்னாங்க."

சுபா சிவசங்கரனைப் பார்த்தாள். அவர் மீசைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தார்.

"ஆனா அண்ணாச்சி என்னை ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொன்னாரே?"

"அதைக் கேட்டுத்தான் உடனே எழுதினேன். நானும் பஜார் ரோட்டு மிளகுக் கடையில வளர்ந்த பொண்ணும்மா. மறுநாள் காலையில அவர் கூப்பிட்டு, தங்கம், குறையே கிடையாது, இன்னைக்கே கூட்டிட்டுப் போங்கன்னாரு பாரு, ஐயோ, கடைக்காரர் தலையைச் சுத்தித் தள்ளிவிடற சரக்கை அவசரப்பட்டு வாங்கிட்டோமேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தூக்கமே இல்லை!"